எண்பது மீட்டர் உயரத்தில் மாப்பிள்ளை

ஆனி மாதத்து ஞாயிறு, காலை ஏழே கால். மதுரையில் செங்கோட்டை ரயில் ஏறினோம்: நான், என் அக்காள் கணவரான அத்தான், அவர் மகள் வித்யா. மாப்பிள்ளைக்குக் காற்றாலையில் பழுது பார்க்கும் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது; மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப் பேசி முடிப்பதுதான் பாக்கி. அவசரக்கார அத்தான் ஆவணியில் மண்டபமே பிடித்துவிட்டார். பெண் மட்டும் இன்னும் சரியென்று சொல்லவில்லை. "நேர்ல பார்த்துச் சொல்றேன்" என்று கூடவே கிளம்பிவிட்டாள்.

பத்தே முக்காலுக்குத் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். சாரலில் நனைந்துகொண்டே, எண்ணெய் வழியும் உடம்போடு ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் கேசரி இருந்தது. மாப்பிள்ளை இல்லை!

"காத்தாடி ரிப்பேரு. காலையில இருந்து காத்து மேல ஏற விடல. இப்பதான் அடங்கிச்சுன்னு ஓடிட்டான்" என்று கையைப் பிசைந்தார் அவன் அம்மா. அத்தான் முகம் கறுத்துப்போனது.

"அப்ப அங்கேயே போய்ப் பார்ப்போம்" என்றாள் வித்யா.

அதே ஆட்டோ, சுரண்டை சாலை, நானூறு ரூபாய். "இங்கன மட்டும் ஏம்ப்பா இத்தனை காற்றாலை?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"மேக்க இருந்து வார காத்தை மலை மறிக்கும், அண்ணாச்சி. செங்கோட்டைக்கிட்ட மலை தணிஞ்சு கெடக்குல்லா? அந்தச் சந்துல மொத்தக் காத்தும் முண்டியடிச்சு வருது. டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி."

பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்தடியில் இறங்கினோம். "மாப்பிள்ளை எங்க?" என்றார் அத்தான். ஓட்டுநர் வானத்தைக் காட்டினார். எண்பது மீட்டர் உயரத்தில், கயிறு கட்டிய இடுப்போடு, எறும்பளவில் ஒரு மஞ்சள் தொப்பி.

"தரகர் சொன்னதவிடப் பையன் உயரம் கூடுதலா இருக்கே!" என்றேன். அத்தான் முறைத்தார். கேமராவில் அவனைப் பெரிதாக்கிப் பார்க்க நான் எடுத்த போனை வித்யா பிடுங்கிக்கொண்டாள்.

திடீரென்று காற்று கூடியது. அத்தான் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் தொப்பி மறைந்தது. கால்மணி நேரத்தில் கோபுரத்துக் கதவு திறந்து, கிரீஸ் கையோடு மாப்பிள்ளை வந்தான்.

"மன்னிச்சிருங்க மாமா. ரெண்டு போல்ட்டுதான் பாக்கி. காத்து கூடிட்டு, இறங்கிட்டேன்."

"ரெண்டுதானே, முடிச்சிட்டே வந்திருக்கலாமே தம்பி?"

"காத்துக்கிட்ட வீம்பு பிடிக்கப்படாது மாமா."

அத்தான் தொண்டையைச் செருமினார். "சரி, ஆவணியில மண்டபம் பிடிச்சாச்சு."

பையன் கிரீஸ் கையோடு தலையைச் சொறிந்தான். "ஆவணியில லீவு கிடைக்காது மாமா. புரட்டாசி வரைக்கும் அடிக்கிற காத்துலதான் வருஷத்துக் கரண்டுல முக்கால்வாசி வரும். தையில வச்சிக்கிடுவோமா? அப்ப காத்தாடியும் சும்மாதான் நிக்கும்."

வெடித்தார் அத்தான். "காத்துக்கிட்ட கேட்டுத்தான் நான் பொண்ணைக் கொடுக்கணுமோ? வா வித்யா, போவோம்!"

வித்யா நகரவில்லை. "ரெண்டு போல்ட்டுக்காக உசிரைப் பணயம் வைக்காம இறங்கி வந்தாருல்ல? எனக்கு இவரே போதும்ப்பா. தையிலயே வைங்க."

எனக்கானால் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நாங்கள் கிளம்பும்போதும், காற்று தணியட்டுமென்று அவன் கோபுரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

இரவு மதுரையில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்த அத்தான், வேர்த்து வழிய மண்டபக்காரருக்குப் போன் போட்டார்.

"ஆவணி வேண்டாம்ங்க, தையில மாத்திக் கொடுங்க... காரணமா? ஆவணியில காத்து ஜாஸ்திங்க!"