குறட்டை விடுகிற பெண்ணின் தண்ணீர் முறை

என் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் படுக்கப் போனபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அம்மா, உங்கட சத்தத்திலை படிக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நான் என்ன சத்தம் போட்டனான்? போனைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதுக்குச் சாட்டுச் சொல்லாதை" என்று ஏசினேன். குறட்டை என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆண் குறட்டை விட்டால் பாவம், உழைத்துக் களைத்த மனிதன் என்பார்கள். பெண் விட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து சில வருடங்கள் என் நோயை நானே வளர்த்தேன். இதை வாசிக்கிற பெண்களில் சிலரும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சுற்றி வளைத்துச் சொல்லவும் வராது.

எங்கள் வயல் அக்கராயன் குளத்துக்குக் கீழே இருக்கிறது. என் அப்பா காடு வெட்டித் திருத்திய காணி. சீதனமாக எனக்கு வந்தது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இங்கே நானும் மகளும்தான். மாரியில் செய்யும் காலபோகத்துக்கு மழை இருக்கிறது. கோடையில் வரும் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். உங்கள் முறை வந்தால் மடையைத் திறந்து, வரம்பில் நின்று, வயல் நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண்ணை விழித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது என்னால் முடியாமல் போனது.

நோய் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். படுக்கப் போகும்போது இருந்த களைப்பை விட எழும்பும்போது களைப்புக் கூடவாக இருக்கும். தலை இடிக்கும். வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும். இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழும்புவேன். சலரோகமாக்கும் (நீரிழிவு) என்று இரத்தம் சோதித்தேன். இல்லை. பகலில் ஓரிடத்தில் இருந்தால் கண் சொருகும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு செத்தவீட்டில், பறை அடித்துக்கொண்டிருக்கும்போதே, சுவரில் சாய்ந்து நித்திரையாகிப் போனேன். மறதி வந்தது. எடுத்ததற்கெல்லாம் எரிச்சலும் வந்தது. எரிச்சல் எனக்கு முன்பும் இருந்ததுதான், அதனால் அதை முழுதாக நோயின் தலையில் போட மாட்டேன்.

வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். சத்துக் குளிசை விழுங்கினேன். கிளினிக்கில் பிரஷர் கூட என்று மருந்து தந்தார்கள். மருந்து கூடியதே தவிர பிரஷர் இறங்கவில்லை. பிறகு உளவளத் துணைக்கு (மன ஆலோசனைக்கு) அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "சண்டைக் காலத்திலை குழம்பின நித்திரை அக்கா. மனசிலை கிடக்கிறதைக் கதையுங்கோ" என்றார். கதைத்தேன். அழுதேன். அது பொய் அழுகை இல்லை. ஆனால் அழுது முடிந்ததும் அந்தக் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன்.

யுத்தத்தால் நித்திரை கெட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். கனவில் கத்திக்கொண்டு எழும்புகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தக் கதிரை தேவை. ஆனால் இங்கே காலில் முள் குத்தினாலும் யுத்தம்தான் காரணம் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். யுத்தம் எனக்குச் செய்தது போதும். இதை அது செய்யவில்லை.

முழுக் குற்றத்தையும் அவர்கள் மேல் போடவும் முடியாது. கிளினிக்கில் ஒரு இளம் வைத்தியர் என்னிடம் நேரடியாகக் கேட்டார். "அம்மா, குறட்டை விடுறனீங்களோ?" எனக்குப் பின்னால், தோளில் முட்டுகிற தூரத்தில், ஊர்க்காரர் வரிசையில் நின்றார்கள். "இல்லை ஐயா" என்றேன்.

அந்த ஒரு பொய்யால்தான் சின்னராசா அண்ணையின் முளை நெல் போனது.

அவருடைய வயல் என் வயலுக்கு அடுத்ததாகக் கீழே இருக்கிறது. அந்தச் சிறுபோகத்தில் அவர் முதல் நாள்தான் முளை கட்டிய நெல்லை விதைத்திருந்தார். நான் உழவுக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது. காலையில் மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் குந்தினேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

"எழும்பு பிள்ளை, எழும்பு! என்ரை முளையெல்லாம் மிதக்குது. நீ இஞ்சை குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறாய்!"

தண்ணீர் என் வரம்பை உடைத்து அவர் வயலுக்குள் பாய்ந்திருந்தது. முளை நெல் ஒரு மூலையில் நுரைபோல ஒதுங்கிக் கிடந்தது.

"நான் நித்திரை இல்லை அண்ணை, தலை சுத்தினது" என்றேன்.

"தலை சுத்தினா வாய்க்காலுக்கு அங்காலையும் இரைச்சல் கேக்குமோ? டிராக்டர் வருதெண்டெல்லோ நான் நினைச்சனான்!"

பக்கத்து வயல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உடைப்பை அடைக்கப் போனேன். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

பொழுதுபட முன்னம் கதை பரவிவிட்டது. புருஷன் வெளிநாட்டில், இவள் குடிக்கிறாள் என்றார்கள். குளிசை போடுகிறாள் என்றார்கள். நான் மறுக்கவில்லை. குறட்டை என்று சொல்வதை விட அது மேல் என்று எனக்குள் ஒரு மடத்தனம் இருந்தது. நினைத்துப் பாருங்கள், குடிகாரி என்ற பெயரைத் தாங்கினேன், குறட்டைக்காரி என்ற பெயரைத் தாங்க முடியவில்லை.

வாய்க்காலில் தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவர் எங்கள் வட்டவிதானையார். அவர் வீட்டுக்கு வந்து, வேலிப் படலையில் நின்றபடியே சொன்னார். "பிள்ளை, இந்தப் போகம் முடியுமட்டும் உன்ரை முறையை வேறை ஆள் பாக்கட்டும். அடுத்த சிறுபோகக் கூட்டத்திலை கமக்காரர் எல்லாரும் இருந்து முடிவெடுப்பம்."

கணவர் போனில் எடுத்தார். "இஞ்சரும், ஏன் நீர் கிடந்து கஷ்டப்படுறீர்? வயலைத் தம்பியிட்டைக் குடுத்திட்டு வீட்டிலை இரும்."

அவருடைய தம்பி நல்லவர்தான். ஆனால் ஒரு பெண் செய்ய முடியாது என்று விட்ட வயல் திரும்ப அவள் கைக்கு வந்ததை நான் கண்டதில்லை. "உங்கட தம்பிக்குக் குடுக்க எங்கட அப்பா காடு வெட்டேல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன். வாய் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயமாக இருந்தது. மண்வெட்டியோடு வரம்பில் நித்திரையாகிறவளை எந்தக் கூட்டம் நம்பும்?

மகள்தான் வழி காட்டினாள். நான் படுத்திருந்ததைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பகலில் எனக்குக் காட்டினாள். வாய் பிளந்து, கழுத்து மடிந்து கிடந்த அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. சத்தம் வந்தது. பிறகு சத்தம் நின்றது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி இழுத்தது, காற்று உள்ளே போகவில்லை. பிறகு தண்ணீருக்குள் அமிழ்ந்தவள் மேலே வந்தது போல ஒரு திணறல்.

"இதை ஏனடி எடுத்தனி? அழி" என்றேன்.

"சத்தத்துக்கு நான் பயப்பிடேல்லை அம்மா. சத்தம் நிக்கிறதுக்குத்தான் பயம். நிண்டா எழும்பி வந்து பாத்திட்டுப் போவன்."

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை குசினிக்குள் கிடந்து என் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் அவளை ஏசியிருக்கிறேன்.

கிளிநொச்சியில் வேறு ஒரு பெண் வைத்தியரிடம் போனோம். அவா அந்தப் படத்தைச் சத்தம் கூட்டி வைத்துப் பார்த்தா. நான் போனைப் பறிக்கக் கையை நீட்டினேன். அவா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"வெக்கப்படாதேங்கோ அம்மா. எனக்கு இந்தச் சத்தம் முக்கியமில்லை. இஞ்சை பாருங்கோ, மூச்சு நிக்குது."

மூச்சுத்தடை நித்திரை நோய் (நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதையை அடைப்பதால் மூச்சு திரும்பத் திரும்ப நிற்பது) என்று விளக்கினா. மூச்சு நிற்கும்போது இரத்தத்தில் ஒட்சிசன் (உயிர்க்காற்று) குறைகிறது. மூளை பயந்துபோய் எங்களை உலுப்புகிறது. நாங்கள் அரைகுறையாக விழித்து மூச்செடுத்துவிட்டு மீண்டும் படுக்கிறோம். காலையில் அது ஞாபகம் இருக்காது. விடிய விடிய இதுதான் நடக்கிறது. பிரஷர் இறங்காததற்கும் இது காரணமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இருதய நோயும் பாரிசவாதமும் (மூளைக்கு இரத்தம் தடைப்பட்டு உடல் செயலிழப்பது) வரக்கூடும். உடல் பருமன், கழுத்தின் பருமன், சிறிய தாடை, வீங்கிய தொண்டைச் சதை எல்லாம் இதற்குக் காரணமாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அதை எனக்கு ஒருவரும் முன்பு சொல்லவில்லை.

நான் இடையிடையே கடையில் வாங்கிய நித்திரைக் குளிசை போட்டதையும் சொன்னேன். ஊர்க் கதையில் அந்த அளவு உண்மை இருந்தது. அவா முகம் மாறியது. "இந்த வருத்தத்துக்கு அது மூச்சை இன்னும் அமத்தும். இனித் தொடவே கூடாது" என்றா. குடியும் அப்படித்தானாம்.

தூக்கப் பரிசோதனைக்கு (நித்திரையில் மூச்சு, இதயத் துடிப்பு, ஒட்சிசன், மூளையின் மின்னலைகள் ஆகியவற்றைப் பதிவது) யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். நடைபாதையில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருந்தா. அவாவுக்கு நித்திரையே வருவதில்லை. அதற்கு நித்திரையின்மை என்று பெயர். குளிசையை விட, படுக்கும் பழக்கத்தையும் பயத்தையும் மாற்றும் பயிற்சிதான் அவாவுக்கு முதல் வைத்தியம். இன்னொருவருக்குப் படுத்ததும் கால்களுக்குள் பூச்சி ஊர்வதுபோல இருந்து ஆட்டாமல் இருக்க முடியாது. ஓய்வற்ற கால் நோய் என்றார்கள். சிலருக்கு இரும்புச்சத்துக் குறைந்தாலும் அது வருமாம். நித்திரை வராதவர்கள் அங்கே தலை நிமிர்ந்து கதைத்தார்கள். என்னைக் கேட்டபோது "எனக்கும் நித்திரைதான் பிரச்சினை" என்று மட்டும் சொன்னேன். அங்கேயும் வாய் வரவில்லை.

எனக்கு நோய் கடுமையாக இருந்தது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம் தேவை என்றார்கள். கனடாவில் இருக்கிற அக்கா அனுப்பினா. முகமூடியைப் போட்ட முதல் நாள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, பிளேன் ஓட்டப் போறியளோ?"

அழகான கதை சொல்ல மாட்டேன். முதல் கிழமைகளில் அதைக் கழற்றி எறிந்தேன். மூக்கு வறண்டது. கன்னத்தில் பட்டி அழுத்திய தடம் மத்தியானம் வரை போகாது. கரண்ட் நின்றால் இயந்திரமும் நிற்கும். கிளினிக்கில் பட்டியைச் சரிசெய்து தந்தார்கள், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் பகுதியைப் பொருத்தித் தந்தார்கள். சோற்றைக் குறைத்தேன். சரிந்து படுக்கப் பழகினேன். ஒரு நாள் காலையில் தலையிடி இல்லாமல் எழும்பினேன். நான் எழும்பியபோது மகள் இன்னும் நித்திரையில் இருந்தாள். அவளும் அன்று முழுதாகப் படுத்திருக்கிறாள்.

அடுத்த சிறுபோகக் கூட்டம் வந்தது. ஆண்கள் முன்னால் கதிரைகளில், பெண்கள் சிலர் பின்னால். சின்னராசா அண்ணை எழும்பினார்.

"அவாவின்ரை முறையை அவாவின்ரை மனிசன்ரை தம்பி பாக்கட்டும். தண்ணி விளையாட்டில்லை."

"நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?" என்று வட்டவிதானையார் கேட்டார்.

வருத்தம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் பெயர் சொல்லாத வருத்தத்துக்கு ஊர் தானே ஒரு பெயர் வைக்கும். எனக்கு முன்பே ஒன்று வைத்திருந்தது.

"நான் குறட்டை விடுறனான்" என்றேன். காது சுட்டது. "குடிக்கிறேல்லை. குறட்டைக்குள்ளை மூச்சு நிக்கிற வருத்தம். அதாலை பகலிலை நித்திரை வந்தது. இப்ப மெஷின் போட்டுப் படுக்கிறன். டாக்குத்தர் தனிய நிண்டு வேலை செய்யலாமெண்டு சொல்லிப்போட்டா."

சிரிப்புத் தொடங்கியது. "குறட்டைக்கும் மெஷினோ? இஞ்சை ஆர் குறட்டை விடாதது?" என்றார் சின்னராசா அண்ணை.

பின்னால் இருந்து அவருடைய மனைவி மலரக்காவின் குரல் வந்தது. "உங்களுக்கும் ஒண்டு வேணும். நீங்கள் தொடங்கினா நாயும் முற்றத்திலை படுக்காது."

கூட்டம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சிரியுங்கோ, சிரியுங்கோ. முளை போனது எனக்கெல்லோ" என்றார்.

அவர் சொன்னது சரி. சிரிப்பு நின்றபோது என் நெஞ்சில் மிஞ்சியது அந்த வார்த்தைதான். நோய் என்பதால் அவர் நட்டம் இல்லாமல் போகாது.

"ஓம் அண்ணை. போனது உங்கட. அதுக்கு நான் விதை நெல் தாறன். வயலைத் தரமாட்டன்."

வட்டவிதானையார் முடிவைச் சொன்னார். "சரி. முறை பிள்ளையின்ரை பேரிலேயே இருக்கட்டும். முதல் முறைக்குச் சின்னராசா பக்கத்திலை நிக்கட்டும். கீழ் வயல்காரன் தானே, அவன்தான் கவனமாப் பாப்பான்."

அப்படித்தான் அந்த நாள் வந்தது. அவர் எதிர் வரம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வாய்க்காலைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்தார். என் கன்னத்தில் பட்டியின் தடம் இருந்தது. அதைக் கையால் மறைத்தேன், பிறகு மண்வெட்டி பிடிக்க அந்தக் கை தேவைப்பட்டது.

தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. காய்ந்த வெடிப்புகளுக்குள் முதலில் இறங்கியது, பிறகு நிரம்பி மேலே வந்தது. கொக்குகள் இறங்கின. இத்தனை வருடமாக வயல் காய்ந்திருப்பதையும் நிரம்பியிருப்பதையும்தான் நான் கண்டிருக்கிறேன். இடையில் நடப்பதைக் கண்டதில்லை. எனக்குப் பகல் என்பது அங்கங்கே அறுந்த துண்டுகளாகத்தான் இருந்தது. அன்று காலை அறாமல் நீண்டுகொண்டே போனது. முழங்கால் வலித்தது. வெயில் பிடரியைச் சுட்டது. அலுப்பாக இருந்தது. அலுப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. விழித்திருப்பவர்களுக்குத்தான் அது வரும்.

வயல் நிரம்பியதும் மடையை அடைத்தேன். "முடிஞ்சுது அண்ணை. உங்களுக்கு விடுறன்."

அவர் வந்து என் வரம்பைக் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு தன் மடையைத் திறக்கப் போனார். போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் போகத் தோன்றவில்லை. அவர் வயலில் தண்ணீர் ஏறுகிற வரைக்கும் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.