தொண்ணூற்றாறு பின்மண்டைகள்

"எனக்கு முகமே வேண்டாம். பின்மண்டை போதும்."

ஹார்லன் டெ ஸ்லா இதை அறிவித்தது செப்டம்பர் மாதம், கல்லூரி உணவுக்கூடத்தில், உருளைக்கிழங்கு மசியலுக்கு வரிசையில் நின்றபோது. இறுதியாண்டின் முதல் வாரம். "என் பகுதியில தொண்ணூத்தாறு மண்டை. மே மாசம் பட்டம் வாங்கற வரைக்கும் அதுல ஒண்ணே ஒண்ணு மாறி உக்காரட்டும், நான் பிடிக்கலைன்னா கேளு. என்னை ஏமாத்தற தலை இனிமேதான் பொறக்கணும்."

"முதல்ல தட்டை நீட்டுடா," என்றான் அவனுடைய அறைத்தோழன் கெரிட் போனெமா. "உன் பின்னாடி பத்து மண்டை பசியில நிக்குது."

தலைவலையும் வெள்ளைத் தொப்பியும் மாட்டி மசியல் பரிமாறிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "அப்ப முன்பக்கம் பார்த்தா ஆள் தெரியாதா?"

"முன்பக்கம் நடிக்கும். பின்பக்கத்துக்கு நடிக்கத் தெரியாது."

அவள் இன்னொரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். கேட்காமல் வந்த அந்தக் குழம்பை ஹார்லன் சந்தேகத்தோடு பார்த்தான். பிறகு சாப்பிட்டான்.

அவனுடைய பெருமைக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நாலாபுறமும் சோளக்கொல்லை சூழ நிற்கும் எங்கள் கல்லூரியில், தினமும் காலை பத்து மணிக்குச் சிற்றாலயத்தில் ஆராதனை. ஒவ்வொரு மாணவருக்கும் எண் போட்ட இருக்கை. மேல்மாடத்தில் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் வரைபடமும் பென்சிலுமாக உட்கார்ந்து, காலியாக இருக்கும் இடங்களைக் குறிப்பார்கள். பருவத்துக்கு எட்டு நாள் தவறலாம். ஒன்பதாவது நாள் தவறினால் பட்டம் கிடையாது. தனக்குப் பதிலாக இன்னொருவரை உட்கார வைத்தால் எட்டு, ஒன்பது என்ற பேச்சே இல்லை. ஒரே நாளில் பட்டம் போய்விடும். மனிதன் இரட்சிக்கப்படுவது கிருபையினால் மட்டுமே என்பது எங்கள் கோட்பாடு. பட்டம் மட்டும் வருகைப்பதிவினால்.

ஹார்லனை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த டீன் ஹாவர்காம்ப் ஆள் அறிந்துதான் தேர்ந்தெடுத்தார். ஹார்லனின் அப்பா முட்டைப் பண்ணையில் ஒவ்வொரு முட்டையையும் விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்க்கிறவர். அந்த வீட்டில் பிறந்தவன் எதையும் வெளி ஓட்டை வைத்து நம்பமாட்டான். மேல்மாடத்தில் இருந்து பின்மண்டைகள் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரிலோ எல்லோருமே டச்சுக்கார வம்சம். எல்லாத் தலையும் கோதுமை நிறம். மற்றவர்கள் காலி இடத்தை மட்டும் குறித்துவிட்டுத் தூங்கினார்கள். ஹார்லன் குறிப்பேடு போட்டான். 'மூன்றாம் வரிசை, இரண்டு: சுழி இரண்டு. ஐந்தாம் வரிசை, எட்டு: காதுக்குப் பின்னால் மச்சம், பாவ அறிக்கையின்போது சொறிகிறான். ஏழாம் வரிசை, ஐந்து: வில்மா ரூலாஃப்ஸ். இறுக்கிச் சுற்றிய கொண்டை. மிட்டாய் எடுப்பது வலது கை.'

மிட்டாய் என்றால் பெப்பர்மிண்ட். பிரசங்கி தன் மூன்று குறிப்புகளில் முதலாவதைத் தொடங்கியதும் வரிசையின் ஓரத்தில் இருந்து ஒரு மிட்டாய்ச் சுருள் புறப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் போகும். அது இல்லாமல் எங்களில் யாரும் மூன்றாம் குறிப்பு வரை உயிரோடு வந்ததில்லை.

இந்தப் புலமையால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. நடைபாதையில் யாராவது நின்று பேசினால், "கொஞ்சம் திரும்பேன்," என்பான் ஹார்லன். திரும்பிய பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

நவம்பர் மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அவனுடைய தவம் பலித்தது. அந்த வாரம் சிற்றாலயத்து ஆர்கனின் துருத்தியைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாடகர் குழுத் தலைவர் பியானோவைத் தட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஹார்லனுக்கு இசையோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. அவன் பார்த்தது ஏழாம் வரிசையை. ஐந்தாம் இருக்கைக்காரி மிட்டாயை இடது கையால் எடுத்தாள்! கொண்டையும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. செவ்வாயும் இடது கை. வெள்ளி வரைக்கும் இடது கை. அடுத்த திங்களன்று வலது கை திரும்பி வந்துவிட்டது.

'ஐந்து நாள் வேறொருத்தி,' என்று சிவப்புப் பென்சிலால் எழுதினான். ஆனந்தத்தில் இரண்டு முறை அடிக்கோடு போட்டான்.

வில்மா ரூலாஃப்ஸ் ஆசிரியப் பயிற்சி மாணவி. மிச்சிகனில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி மூன்றாம் வகுப்பை அவளுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தது. பட்டம் கையில் இருந்தால். சிவப்புப் பென்சில் டீனின் மேசைக்குப் போனால் அந்த வகுப்பு வேறு யாருக்கோ. ஹார்லனுக்கு இது தெரியும். அவன் கல்நெஞ்சன் அல்ல. உண்மையைக் கண்டுபிடித்த பிறகு வருத்தப்படலாம் என்று வைத்திருந்தான்.

குளிர்காலம் முழுக்க அவளைப் பின்தொடர்ந்தான். அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றவே இல்லை. மண்டையை ஆராய வழியில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. தினமும் ஒன்பதரை மணிக்கே பக்கவாசல் வழியாகச் சிற்றாலயத்துக்குள் போய்விடுகிறாள். பத்து மணி ஆராதனைக்கு ஒன்பதரைக்கா? எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு பக்தி பதிவானதே இல்லை. அதையும் எழுதிக்கொண்டான்.

பிப்ரவரியில் நூலகத்துப் படிக்கட்டில் அவளே திரும்பி நின்றாள்.

"ஏம்பா, மூணு மாசமா என் பின்னாலேயே வர்றியே, என்ன சமாச்சாரம்?"

"நவம்பர் பன்னெண்டுல இருந்து பதினாறு வரைக்கும், காலைல பத்து மணிக்கு நீ எங்க இருந்த?"

வில்மா அவனையே பார்த்தாள். பிறகு திடீரென்று சிரித்தாள். "சிற்றாலயத்துல. ஏழாம் வரிசை, அஞ்சாம் நம்பர். என் இடத்துல."

"சத்தியமா?"

"சத்தியமா. வேற ஏதாவது வாரம் கேக்கணுமா?" இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

"எதுக்கு? மத்த வாரமெல்லாம் நீதான் இருந்த. எனக்குத் தெரியும்."

"அப்பாடா," என்றாள் வில்மா.

இவ்வளவு தெளிவான கண்ணோடு பொய் சொல்ல முடிகிறதே என்று ஹார்லன் வியந்தான். முன்பக்கம் நடிக்கும் என்ற அவனுடைய கொள்கை மேலும் உறுதிப்பட்டது.

அவன் அவளைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, கல்லூரி அவனைச் சந்தேகித்தது. இறுதியாண்டு மாணவன் ஒருவன் ஒரே பெண்ணின் பின்னால் பனியில் நடந்தால் அதற்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான்: வசந்தம் வருவதற்குள் நிச்சயதார்த்த மோதிரம். நிச்சயமான மாப்பிள்ளையைக் குளத்தில் தூக்கிப் போடுவது விடுதியின் வழக்கம். மார்ச் மாதம், பனிக்கட்டி உடைந்த மறுநாள், கெரிட் தலைமையில் ஆறு பேர் வந்தார்கள்.

"டேய், நான் அவளை விசாரிக்கிறேன்டா!"

"நாங்களும் அதைத்தான் சொல்றோம். காலைப் பிடிங்கடா!"

பல் தந்தியடிக்க, ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு ஹார்லன் நேரே டீனிடம் போய்ச் சிவப்புப் பென்சிலைக் காட்டினான்.

"ஆதாரம்?" என்றார் டீன் ஹாவர்காம்ப்.

"இடது கை, சார்."

"இடது கைக்காக ஒரு பொண்ணோட பட்டத்தை நிறுத்தச் சொல்றியா? உக்காந்த ஆளைக் கண்டுபிடி. பேரைச் சொல்லு. அன்னிக்கே நிறுத்திடறேன்." டீன் குறிப்பேட்டை மூடிக் கொடுத்தார். சமாதானமாக வேறு பேச்சு எடுத்தார். "என் வீட்டம்மா இந்த வருஷம் ஆர்கன் வாசிக்கிறதைக் கேட்டியா? வயசு ஏற ஏற கொர்னீலியா விரலுக்கு வாலிபம் திரும்புதுப்பா. நல்லவேளை. கமிட்டிக்காரங்க கிட்டார் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. அவ விரல் ஓஞ்சா மறுநாளே ஆர்கனுக்குப் பூட்டு."

"நான் கவனிக்கலை, சார். என் வேலை மண்டை."

அது உண்மை. செப்டம்பரில் இருந்தே ஆர்கன் இசை கேட்டு, தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். ஹார்லன் அவர்கள் விழித்ததை எழுதிவைத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் கடைசியில் கைகொடுத்ததும் மண்டைதான். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. எங்கள் ஆர்கன் பிரசங்கமேடைக்குப் பக்கத்தில், செதுக்கிய மரத்தட்டிக்குப் பின்னால் இருக்கிறது. தட்டிக்கு மேலே திருமதி ஹாவர்காம்பின் நரைத்த கொண்டை மட்டும் தெரியும். அன்று ஆராதனை முடிந்து, எல்லோரும் வெளியேறும்போது வாசிக்கும் இசை புயலாகக் கிளம்பியது. ஹார்லன் தற்செயலாக அந்தக் கொண்டையைப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையும் இரண்டு காலும் ஓடினால்தான் வரக்கூடிய சத்தம். கொண்டையோ அலமாரிமேல் வைத்த ஜாடி மாதிரி இருந்தது.

தலை பொய் சொல்கிறது என்று ஹார்லனுக்குப் பட்டது. மாடிப்படியில் இறங்கி ஓடினான். தட்டியைச் சுற்றிப் போனான்.

பலகையில் இருவர் இருந்தார்கள். ஓரத்தில், இரண்டு மெத்தைமேல் உயரமாக உட்கார்ந்து, திருமதி ஹாவர்காம்ப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். விரலால் அல்ல, உள்ளங்கையால் தள்ளி. விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. நடுவில், முதுகைக் காட்டியபடி, தொப்பியில்லாமல், ஒருத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல்கடை இறங்கிய கொண்டை. அந்த மண்டையை அவன் எங்கு கண்டாலும் சொல்லிவிடுவான். நவம்பர் மாதத்துக் கள்ளி!

"அகப்பட்டுக்கிட்ட!" என்று கத்தினான். "நீதானே அஞ்சு நாள் வில்மா இடத்துல உக்காந்தவ?"

இசை நின்றது. அவள் திரும்பினாள். வில்மா.

"ஆமா, நான்தான்," என்றாள். "என் இடத்துல நான் உக்காந்ததே அந்த அஞ்சு நாள்தான். துருத்தி ரிப்பேர்ல இருந்ததே, அந்த வாரம். மத்தபடி செப்டம்பர் முதல் நாள்ல இருந்து இங்கதான் இருக்கேன்."

"அப்ப... ஏழாம் வரிசை..."

"எங்க அக்கா பெர்னிஸ். தினம் உன் தட்டுல மசியல் போடறாளே, அவ. காலைச் சாப்பாட்டு வேலை முடிஞ்சதும் தொப்பியைக் கழட்டிட்டு வந்து உக்காருவா."

ஹார்லன் குறிப்பேட்டைப் புரட்டினான். தொண்ணூற்றாறு மண்டையையும் அவன் மனப்பாடம் செய்த முதல் வாரத்திலேயே ஏழாம் வரிசையில் இருந்தது பெர்னிஸ். அவளைத்தான் வில்மா என்று எழுதியிருக்கிறான். அசல் வில்மா வந்த ஒரே வாரத்தைச் சிவப்பால் குறித்திருக்கிறான்.

"உக்காருப்பா," என்றார் திருமதி ஹாவர்காம்ப். "என் விரல் போன கோடையிலேயே போச்சு. வெளியே தெரிஞ்சா இதுக்குப் பூட்டு, மேடையில கிட்டார். மே வரைக்கும் ஓட்டிக் குடுன்னு நான்தான் இவளைக் கேட்டேன். அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைத் தயாரா வச்சுட்டு நானா ஓய்வு வாங்கிக்கறேன்னு. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. போய்ச் சொல்லப் போறியா?"

"அதுக்குத்தானே என்னை மாடியில உக்கார வச்சிருக்காங்க," என்றான் ஹார்லன்.

"சொல்லு," என்றாள் வில்மா. அவள் முகம் வெளுத்திருந்தது. "மிச்சிகன் வேலை போகும், போகட்டும். ஆனா முழுசா சொல்லு. ஏழு மாசமா எங்க அக்காவைப் பார்த்து யார் பேரை எழுதினேன்னும் சேர்த்துச் சொல்லு."

அவன் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதாகவும் சொல்லவில்லை. மூன்று வாரம் யாரையும் திரும்பச் சொல்லாமல் நடந்தான். அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று கெரிட் சந்தேகப்பட்டு, குளத்தில் போட்டதற்காக மன்னிப்புக் கேட்டான்.

மே மாதம், பட்டமளிப்புக்கு இரண்டு நாள் முன்பு, மாடிக்காரர்கள் கையெழுத்துப் போடும் படிவம் வந்தது. 'வந்ததாக என்னால் குறிக்கப்பட்டவர்கள் அனைவரும் ஆராதனையில் இருந்தார்கள்.' ஹார்லன் அதை முட்டையைப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பதினோரு தடவை படித்தான். ஆராதனையில் என்றுதான் இருந்தது. இருக்கையில் என்று எங்கும் இல்லை.

"அந்த இடது கை விவகாரம் என்னாச்சு?" என்றார் டீன்.

"என் தப்பு, சார். அந்த வாரம் அந்தப் பொண்ணேதான் உக்காந்திருந்தா."

"மத்த நாள்?"

"ஒரு நாள்கூட அவ ஆராதனைக்கு வராம இருந்ததில்ல, சார். நம்ம எல்லாருக்கும் முன்னாலேயே வந்துடுவா."

டீன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ சந்தேகம் இருந்தது. ஆனால் எது என்று அவருக்கே பிடிபடவில்லை. ஹார்லன் சிவப்புப் பென்சில் குறிகளை ரப்பரால் அழித்தான். கையெழுத்துப் போட்டான்.

வெளியே வெயில். புல்வெளியில் பட்டமளிப்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேப்பிள் மரத்தடி பெஞ்சில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இறுக்கிச் சுற்றிய கொண்டை, கோதுமை நிறம். ஒரு வருடமாகப் பார்த்த மண்டை. ஹார்லன் கிட்டப் போய், யாருக்கும் கேட்காதபடி சொன்னான்:

"வில்மா, கையெழுத்துப் போட்டாச்சு. நீ மிச்சிகன் போகலாம்."

அவள் திரும்பினாள்.

"நான் பெர்னிஸ்," என்றாள். "அவகிட்ட சொல்லிடறேன்."

வலது கையால் ஒரு பெப்பர்மிண்டை எடுத்து நீட்டினாள். ஹார்லன் அதைத் திருப்பிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டான்.