பேத்தைக்கு நத்தை பொறுக்கிய குடும்பம்

குடவாசலுக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் பெரிய பொறுப்பு வகித்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஊராட்சித் தலைவர்கள், அவர்களை மறந்துவிடலாம். மூன்றாமவர் உத்திராபதி. மிராசுதார் செல்லதுரை வீட்டுக் கூடத்தில் இருந்த கடல்மீனை ஒரு வருஷம் உயிரோடு வைத்திருந்தவர்.

உத்திராபதியும் மனைவி ராமாயியும் செல்லதுரையின் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, இருபது வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார்கள். சர்க்காரின் குத்தகைப் பதிவேட்டில் உழுகிறவன் பேர் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் அவனை லேசில் கிளப்ப முடியாது. உத்திராபதி பேர் ஏறாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அளந்த நெல்லுக்கு ரசீது கேட்பது மரியாதையில்லை என்று உத்திராபதி ஒருநாளும் கேட்டதில்லை.

செல்லதுரை முற்போக்காளர். உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வரப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வார். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும். எண்பத்தொன்பதில் அப்படிக் கரை மாறிய கையோடு, நாகப்பட்டினத்துப் படகு முதலாளி ஒருவர் கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு பேத்தை மீனும் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் வயிறு, நீலப் புள்ளி, கிளிமூக்கு. மிரண்டால் பலாப்பிஞ்சு மாதிரி உப்பும். வலையில் விழுந்தால் விஷமென்று மணலில் வீசுவார்கள். இது கூடத்தில் விழுந்ததால் கௌரவமாகிவிட்டது.

செல்லதுரை உத்திராபதியைக் கூப்பிட்டார்.

"நீ தண்ணி கட்டுறவன், தண்ணியோட குணம் தெரிஞ்சவன். ஒரு வருஷம் இதச் சாகாம வச்சிரு. பதிவுக்கு நானே வந்து கையெழுத்துப் போடுறேன்."

வேண்டாம் என்றாள் ராமாயி. ஆறு மாவுக்கு ஒரு மீன் மலிவுதான் என்றார் உத்திராபதி.

வாரம் இரண்டு நாள் கேன்களோடு நாகப்பட்டினம் பஸ் ஏறிக் கடல்தண்ணீர் கொண்டுவந்தார். கரண்ட் போனால் தொட்டிக்குள் காற்று விடும் மோட்டார் நின்றுவிடும். சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் தேர்தல் நாள்தான். மீனுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓடு கடித்துத்தான் தேயவேண்டும் என்று படகு முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு வயல் நத்தை. நடவு, களை, அறுப்பு எல்லாம் முடித்து, மடியில் நத்தையும் கட்டிக்கொண்டு வருவாள் ராமாயி.

வருஷம் முடிந்தது. மீன் கொழுத்தது. கையெழுத்தைப் பற்றிக் கேட்டால் கட்சி மாநாடு முடியட்டும் என்றார் செல்லதுரை. மூன்று மாநாடு முடிந்தபின் உத்திராபதி தானே மனுப் போட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நேர்மையானவர். உத்திராபதி வயலில் வேலை செய்ததைப் பார்த்தவர் உண்டா என்று ஊரைக் கேட்டார். போன வருஷம் முழுக்க அவரை மீன் தொட்டி ஓரத்தில்தான் பார்த்ததாக ஊர் சத்தியமாகச் சொன்னது. அதற்கு முந்தின பத்தொன்பது வருஷத்துக்கு ரசீது கேட்டார். இல்லை.

"எஞ்சம்சாரம் வயல்லதாங்க கெடந்துச்சு," என்றார் உத்திராபதி.

"வந்துச்சு, இல்லேங்கல," என்றார் செல்லதுரை. "மீனுக்கு நத்தை பொறுக்க."

அதுவும் பொய்யில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியானது. ஆறு மாவில் செல்லதுரையின் டிராக்டர் இறங்கியது.

மூன்று மாதத்தில் மீனுக்குப் பல் நீண்டு வாய் மூட முடியாமல் போயிற்று. செல்லதுரையே ராமாயியின் வாசலுக்கு வந்து, நத்தை ஏன் வருவதில்லை என்று கேட்டார்.

"நத்தை வயல்ல இருக்குங்க ஐயா. வயல் உங்ககிட்ட இருக்கு."

நாலாம் நாள் மீன் செத்தது. காக்காய்கூடத் தொடாத அதைப் புதைக்க உத்திராபதியைக் கூப்பிட ஆள் வந்தது. போனார், பழக்கம். ஆறு மாவின் மூலையில் புதைக்கச் சொன்னார்கள். அந்த வயலில் அவர் கடைசியாக மண்வெட்டி பிடித்தது அன்றைக்குத்தான். ஊரே நின்று பார்த்தது.