அண்ணனின் ஈர வலை

எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் இரண்டு மீன் குட்டைகள் இருக்கின்றன. போட்ட வெங்காயமெல்லாம் அழுகிப்போனதற்குப் பிறகு வெட்டியவை. கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். தீனி போடுவது, தண்ணீர் பார்ப்பது, பயப்படுவது எல்லாம் என் பாடு.

அந்த வருஷம் கார்த்திகையில் பிடித்த மழை மார்கழியிலும் விடவில்லை. வெகுகாலமாகக் காய்ந்து கிடந்த ஏரி நிரம்பி, எங்கள் கரையை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அந்தத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மழைக்குப் பின்னால் குளிர் சேர்ந்தால் மீனுக்குப் புண் நோய் வரும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மேலே இருக்கிற குட்டைகள் எதிலாவது அது வந்திருந்தால் இந்த வாய்க்கால் வழியாகத்தான் கீழே இறங்கும்.

ஒருநாள் காலையில் வாய்க்காலில் இறங்கி அடைத்திருந்த குப்பையை அள்ளிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு விரால் கிடந்தது. ஆள் நிழல் பட்டாலே பாய்ந்து ஓடுகிற மீன். அது அசையவில்லை. குச்சியால் புரட்டினேன். வயிற்றில் தோல் இல்லை. வெந்நீர் கொட்டினது போலச் சிவந்து குழிந்திருந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. குப்பையை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறினேன்.

கணவருக்குப் போன் செய்தேன். "இனி வெச்சிருக்க வேண்டாம் புள்ள. மச்சான வரச்சொல்லி எல்லாத்தையும் புடிச்சு வித்துரு" என்றார்.

அவர் சொன்னது என் அண்ணனை. சுற்றுவட்டாரத்தில் வலை போட்டு மீன் பிடித்துக் கொடுப்பதுதான் அண்ணனுக்குத் தொழில். வாய்க்காலில் இறங்கி விராலைப் பார்த்ததைப் போனில் சொல்லி வரச் சொன்னேன். மறுநாள் விடிந்ததுமே ஆட்களோடு டெம்போவில் வந்து இறங்கினார். பின்னால் வலை குவியலாகக் கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து எங்கீங்கண்ணா வலை போட்டீங்க?"

"மேல ஏரிக்குப் பக்கத்துல. அங்கயும் இதே கதைதான் அம்மணி, புண்ணு. சாவறதுக்குள்ள புடிக்கச் சொல்லிப்போட்டாங்க."

ஆட்கள் வலையைத் தோளில் ஏற்றத் தொடங்கினார்கள். நான் ஓடிப்போய்க் குட்டைக்குள் இறங்கும் சரிவில் நின்றுகொண்டேன்.

"வேண்டாமுங்கண்ணா. இந்த வலை வேண்டாம். கழுவி நல்லாக் காயப் போட்டு எடுத்துட்டு வாங்க."

"எல்லாம் இன்னைக்கே விக்கப்போற மீனுதான?"

"ஒரு குட்டை மீனுக்குத்தானுங்க ஏவாரி வாரேன்னாரு. இன்னொண்ணுல இருக்கறது பூராக் குஞ்சு. அதுக்கும் சீக்கு போயிட்டா?"

அண்ணன் முகம் மாறியது. கூட வந்தவர்கள் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த விரால் கண்ணை விட்டுப் போகவில்லை.

"என்ர வலைல சீக்கு இருக்குதா? நீ வாய்க்கால்ல எறங்குன காலோட குட்டைல எறங்கலியா? அதுல சீக்கு இல்லியா?"

 அடுப்பில் கொதித்த டீயைக் குடிக்காமலே அவர் டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

போனதும் முதல் வேலையாக ஒரு சட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் காலை முக்கினேன். கால் எரிந்தது. அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றத் தோன்ற இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அதன்பிறகு நாட்கள் பனி மூட்டமாகவே போயின. மீன்கள் தீனிக்கு வரவில்லை. போட்ட தவிடு மிதந்தபடியே ஊறிப்போனது. தினமும் காலையில் சிறு வலையில் நாலைந்தைக் கோதி எடுத்து வயிற்றைப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்றால் அப்போதைக்கு மூச்சு வரும். அதற்குள் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்துவந்து எங்கள் கரையில் உட்காரும். அண்ணனைத் தடுத்தேன், கொக்கை எப்படித் தடுப்பது? ஜிகினா நாடாவை வாங்கிக் குட்டைக்குக் குறுக்கே கட்டினேன். அது காற்றில் சரசரக்கும்போதெல்லாம் எனக்கே திடுக்கென்றது.

இவ்வளவுக்கும் பிறகு பெரிய மீன்கள் இருந்த குட்டையில் ஒரு மிர்கால் மீனின் வாலடியில் சிவப்பாக ஒரு பொட்டைப் பார்த்தேன். மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், புண் வந்ததைப் பிடித்துப் புதைக்கவும் சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்துத் தெளிக்கவும் சொன்னார். "வெயில் வந்தா கொறஞ்சிரும்மா" என்றார்.

"வெயில் எப்பங்க வரும்?"



பொங்கல் கழிந்துதான் வெயில் வந்தது. அதற்குள் கரையோரம் பல குழிகள் வெட்டி மூடியிருந்தேன். குஞ்சுக் குட்டை தப்பியது. பெரிய மீன்களிலும் பாதிக்கு மேல் பிழைத்தன. நோய் எந்த வழியாக வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அண்ணி போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். "உங்கண்ணன் மொட்டை மாடில வலையக் காயப் போட்டுட்டு யாரையும் கிட்ட உட மாட்டேங்கறாரு. சரியாச் சாப்புடறதும் இல்ல" என்றார். என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர் அன்று அதே வலையோடு வேறொரு குட்டைக்குப் போயிருக்கிறார். அங்கே மிச்சம் விட்டிருந்த மீன் முழுக்கச் செத்துவிட்டதாம். அங்கே நோய் முன்பே இருந்ததா, வலையில் வந்ததா, யாருக்கும் தெரியவில்லை. யாரும் அவரை எதுவும் கேட்கவும் இல்லை.

தை முடிவதற்குள் நானே கூப்பிட்டு வரச் சொன்னேன். வந்தார். வலை வெளுத்து மொரமொரவென்று இருந்தது. அன்றைய பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. மீனை இழுத்துக் கரையேற்றியதும் ஆட்களை விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துப் பெட்டியில் போட்டார்.

"வெரசாப் போடுங்கண்ணா, ஐஸ் கரையுது" என்று வியாபாரி கத்தினார். அண்ணன் காதில் வாங்கவில்லை. ஒரு ரோகு மீனைப் பிடித்தபடி என்னை அழைத்தார். 

"இது புண்ணா அம்மணி, செதிலு பேந்ததா?"

குனிந்து பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது.

"செதிலுதானுங்கண்ணா" என்றேன். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவர் அதைப் பெட்டியில் போடாமல் தனியே வைத்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.