கூலிங் அத்தானின் சொந்த வீட்டு ஏசி

என் அக்கா புருஷனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கூலிங்' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எது படுத்துக்கொண்டாலும் அவர்தான் வந்து எழுப்ப வேண்டும். கோடை வந்துவிட்டால் அவர் போன் வாயை மூடாது. வெறும் வெயில் என்றால்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கத்து வெயில் காற்றில் தண்ணீரையும் கலந்துகொண்டு வரும். குளித்துத் தலை துவட்டுவதற்குள் மறுபடியும் உடம்பு நனைந்திருக்கும்.

மெஷின்களுக்கும் அப்போதுதான் சீக்கு வரும். ஏசி ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி படிந்து கிடக்கும். தண்ணீர் வெளியே போகிற குழாயைப் பாசி அடைத்துக்கொள்ள, கட்டில் மேல் சொட்டும். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அத்தான் வீட்டுக்கு வீடு தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வார். "துவைச்சு முடிச்சா மெஷின் கதவைத் திறந்து வைங்கம்மா, உள்ள ஈரம் காயட்டும். ஃப்ரிட்ஜைச் சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, சூடு வெளிய போக வேண்டாமா? ஐஸைக் கத்தியால குத்தாதீங்க." எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். அடுத்த வாரமே ஐஸைக் குத்தப் போய்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டு, "கூலிங்கண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்பார்கள். அத்தான் ஒரு வார்த்தை திட்டமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் வீட்டில் உட்கார்ந்து திட்டித் தீர்ப்பேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. போன இடத்தில் எடுத்தவுடன் பையைத் திறக்கமாட்டார். வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்து, எப்போதிலிருந்து இப்படி, எந்த நேரத்தில், என்ன சத்தம், அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று சாவகாசமாக விசாரிப்பார். பாதிக் கோளாறு அந்தப் பேச்சிலேயே வெளியே வந்துவிடும் என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். இந்தக் கோடை தொடங்கிய கொஞ்ச நாளில் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டாள். மின்விசிறிக்குக் கீழே வெறும் தரையில் படுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள புழுங்குது" என்றாள். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை.

வேறு யார் வீட்டிலாவது இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அந்த அறையில் ஓடுவது அத்தான் பார்த்துப் பார்த்து வாங்கித் தன் கையால் மாட்டிய ஏசி. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுக்கிறவரின் பெண்டாட்டி புழுங்குகிறது என்று எழுந்து போனால் அவருக்கு எப்படி இருக்கும்! அன்றைக்கே ஃபில்டரைக் கழுவினார். அதற்கு அடுத்த விடுமுறையில் மெஷினை முழுதாகப் பிரித்து உள்ளே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். கேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கெப்பாசிட்டரை மாற்றினார். வெளியே இருந்த யூனிட்டை நிழல் விழுகிற சுவருக்குக் கொண்டு போனார். கடைசியில் அந்த அறைக்குள் ஒரு புடவை எடுக்கப் போன நான் பல் கிட்டித்துத் திரும்பி வந்தேன். அக்கா மட்டும் கூடத்தை விட்டு அசையவில்லை.

அத்தானின் முகம் சுண்டிப் போயிற்று. ஒரு சாயங்காலம், மேல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, உங்கக்காவுக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"உங்க மேல கோபப்படக்கூட ஆள் இருக்கா?" என்று சிரித்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கல்யாணம் ஆனதுல இருந்து அவ இப்படித் தனியா போய்ப் படுத்ததே இல்லம்மா. மெஷின்லயும் ஒரு குறையும் இல்ல. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

எனக்கு விஷயம் தெரியும். அக்காவுக்கு மாதவிலக்கு நிற்கிற சமயம். இருந்தாற்போலிருந்து நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறும். ரவிக்கை தொப்பலாக நனையும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி உடம்பு நடுங்கும். மைக்கைப் பிடித்து அறிவித்துக்கொண்டிருக்கும்போதே வந்து பேச்சு தடுமாறியிருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்கிற வாய், இதைப் புருஷனிடம் சொல்லக் கூசியது. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது.

"ஊர்ல எல்லார் வீட்லயும் கேட்டுட்டுத்தானே கை வைப்பீங்க? இங்க யாரைக் கேட்டீங்க அத்தான்?" என்றேன்.

அவர் படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அக்காவும் கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். அத்தான் வந்து எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"உனக்கு உடம்புக்கு என்ன? எப்போ இருந்து இப்படி?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். பீன்ஸைவிட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை.

"வயசாகுதுங்க, வேற என்ன," என்று முதலில் பூசி மெழுகினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "டாக்டரம்மாவைப் பாத்தாச்சு. இது வந்துட்டுப் போறதுதான்னு மாத்திரை குடுத்திருக்காங்க. சூடு ஏறினா ஏசியை வைக்கணும், குளிர் வந்தா நிறுத்தணும். நான் எழுந்திருக்கிறப்ப எல்லாம் நீங்களும் முழிச்சுக்கறீங்க."

"முழிச்சா என்ன இப்போ?"

"விடிஞ்சா மூணாவது மாடிச் சுவத்துல தொத்திக்கிட்டு வேலை பாக்கறது யாரு? தூக்கக் கலக்கத்துல கால் தவறினா நான் என்ன பண்ணுவேன்? நீங்களாவது நிம்மதியா தூங்கணும்னுதான் இங்க வந்து படுத்தேன்."

அத்தான் உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ வெளிய வந்ததுல இருந்து நான் எங்கடி தூங்கினேன்?" என்றார். "பக்கத்துல உன் மூச்சுச் சத்தம் இல்லாம கண்ணே மூட மாட்டேங்குது. இத்தனை நாளும் தூங்காமத்தான் அந்தச் சுவர்ல எல்லாம் ஏறி இறங்கிட்டு இருக்கேன்."

அக்கா கத்தியைக் கீழே போட்டாள். எட்டி, நீட்டியிருந்த அவர் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.