ஒரெஸ்ட் கோவாலிக் கட்டிய பசுமைக்குடில்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையை வீட்டில் சும்மா உட்கார விடக் கூடாது. விட்டால் எதையாவது கட்டத் தொடங்கிவிடுவார். கனடாவின் ஹாலிச் என்ற சிற்றூரில் தானியக் கிடங்கை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்த ஒரெஸ்ட் கோவாலிக், ஓய்வு பெற்ற முதல் வருஷம் குருவிக்கூடு கட்டினார். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் மீனுக்குப் புகை போடும் அடுப்பு ஒன்றைக் கட்டினார். அது மீனை விட்டுவிட்டு வேலியைப் பொசுக்கியது. அதற்கடுத்த வருஷம் தோட்டத்தில் பசுமைக்குடில் எழும்பியது.

அவர் மனைவி வெர்னா இதையெல்லாம் சமையலறை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி ஜெயிக்க முடியாத மனுஷனிடம் பேசி என்ன பயன்? அவளும் சும்மா இருந்தவள் இல்லை. மானிடோபாவின் குளிர்காலத்தில், எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாத காலை இருட்டில், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின் சீட்டில் வாலாட்டுகிற பையன்கள் கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தாலே அடங்கிவிடுவார்கள். புருஷனிடம் மட்டும் அந்தப் பார்வை செல்லுபடியாகவில்லை.

குடிலை நன்றாகத்தான் கட்டியிருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். மரச்சட்டம், இரண்டு அடுக்கு பாலித்தீன், நடுவில் காற்று. மூலையில் ஹீட்டர். கூரையில் ஒரு சன்னல் வைக்கும்படி கட்டுமான வரைபடம் சொன்னது, வைத்தார். பிறகு அதன் வழியாகச் சூடு வெளியே போய்விடும் என்று அவருக்கே தோன்றி, நாலு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கி, மேலே டேப்பும் ஒட்டினார். இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்து ஒரே பயம்தான், குளிர். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் அடைத்துவிட்டுத்தான் மறு வேலை.

"காத்துப் போக வழி வேணாமா?" என்று வெர்னா கேட்டாள்.

"வெளியில பனி கெடக்கு. காத்தை உள்ள விடச் சொல்ற. பஸ் ஓட்டுற மாதிரியா இது?"

அதற்கப்புறம் கோ-ஆப் என்கிற ஊர்க் கூட்டுறவுக் கடையின் காபி மேசை பாடு திண்டாட்டம்தான். தினம் காலையில் ஊர்க் கிழடுகள் அத்தனையும் கூடுகிற மேசை அது. அதுவரை கோதுமை விலையும் யார் ஆபரேஷனில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார்கள் என்பதும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது குடில் புராணம். மே மாதக் கடைசி வரை காத்திருந்து நாற்று நடுகிறீர்களே முட்டாள்களா, நான் ஏப்ரலிலேயே வைப்பேன். ஆலங்கட்டி மழை உங்கள் செடியைத் துவம்சம் பண்ணும், என் செடி உள்ளே சிரிக்கும். மான் வாய் வைக்காது. செப்டம்பர் பனியில் நீங்கள் போர்வையும் படுக்கைத் துணியும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். இப்படி அளந்துகொண்டே இருந்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் வெர்னாவுக்கு எரிச்சல். மூளை இல்லாதவன் வாயிலிருந்து உண்மை வரும்போது அதைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய தண்டனை.

அந்த வசந்தத்தில் அவளுக்கு இருந்த கவலை வேறு. தங்கை லெசியா போன ஆகஸ்டில் இறந்துபோனாள். தோட்டத்தில் தக்காளி பழுக்கும் முன்பே போய்விட்டாள். அவள் மகன் டெர்ரி கால்கரியிலிருந்து வந்து வீட்டை விற்றான். வாங்கியவன் முதல் வேலையாக, காயெல்லாம் செடியில் இருக்கும்போதே, தோட்டத்தை உழுது புல் போட்டான். லெசியாவின் தக்காளி இந்த வட்டாரத்துக்கே தெரியும். இளஞ்சிவப்பு நிறம், மாட்டின் இதயம் மாதிரி வடிவம், ஒரு பழம் ஒரு கை நிறையும். வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை, ஏனென்றால் கேட்டவர்களுக்கெல்லாம் லெசியா விதையை வழித்தெடுத்துவிட்டுத்தான் பழம் கொடுப்பாள். அவளும் ஒரு கஞ்சப் பிசினாரிதான். அவள் வீட்டிலிருந்து வெர்னாவுக்கு மிஞ்சியது மாத்திரை டப்பியில் கொஞ்சம் பழைய விதை. பழைய விதை முளைக்குமோ முளைக்காதோ என்று வெர்னா அத்தனையையும் மார்ச்சில் போட்டுவிட்டாள். ஒன்பது முளைத்தன. உலகத்தில் லெசியாவின் தக்காளி என்று இருந்தது அந்த ஒன்பதும்தான், சமையலறை சன்னல் விளிம்பில்.

"இதுல மட்டும் நீ கை வைக்காத, ஒரெஸ்ட்."

"சன்னல்ல வச்சா நெட்டையா, நோஞ்சானாத்தான் வரும். குடில்ல வை, என்னாட்டம் திடமா வரும்."

"உன்னாட்டம் வர வேணாம். இருக்கிற எடத்துல இருக்கட்டும்."

ஏப்ரல் நடுவில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுக்க வின்னிபெக்கில் நாள் குறித்தார்கள். போய் ஒரு ராத்திரி தங்கி வர வேண்டும். கூட்டிக்கொண்டு போனது காபி மேசை மர்வினின் மனைவி டோரீன். புருஷன் வரவில்லை. ஹீட்டரைத் தனியாக விட்டு வர முடியாதாம். பெண்டாட்டியைத் தனியாக அனுப்பலாம், ஹீட்டரைத் தனியாக விட முடியாது.

மறுநாள் மதியம் கண்ணில் மூடியோடு வெர்னா வீட்டுக்குள் நுழைந்தபோது சன்னல் விளிம்பு துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ஒரெஸ்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு ஒரு ஆச்சரியம். குடிலுக்கு வா."

போனாள். தொட்டிகளில் ஒன்பது நாற்று நின்றன. தண்டு விரல் பருமன். இலை அகலமாக, விறைப்பாக, கரும்பச்சையாக.

"ஒரே நாள்ல பாத்தியா? நேத்து காலைல தூக்கிட்டு வந்து வச்சேன். எப்படி ஆயிடுச்சு பாரு. இதுக்குப் பேருதான் குடில்."

லெசியாவின் நாற்று எந்த நாளும் விறைத்து நின்றதில்லை. அந்த ஜாதிக்கு இலை மெலிசு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பட்டினி கிடந்ததுபோல் துவண்டு தொங்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு கண் தேவையில்லை, வெர்னாவுக்கு மூடாத இடது கண்ணே போதும். கதவருகில் வெப்பமானி தொங்கியது. அதில் இரண்டு முள். கறுப்பு முள் அப்போதைய சூட்டைக் காட்டும். சிவப்பு முள் சூடு ஏறிய உச்சத்திலேயே நிற்கும், யாராவது பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும். அதை அழுத்தத் தெரியாத மேதை இவர். சிவப்பு முள் ஐம்பத்திரண்டு டிகிரியில் நின்றது. வெளியே பனி, மேலே மேகமில்லாத வானம், நாலு பக்கமும் டேப் ஒட்டிய குடில், ஓடுகிற ஹீட்டர். வெளியே வந்து உரக்குழியை எட்டிப் பார்த்தாள். வேகவைத்த கீரை மாதிரி ஒன்பது கிடந்தன.

நேற்று காலை நாற்றை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, கதவுக்கடியில் சாக்கையும் திணித்துவிட்டு, துரை நேரே காபி மேசைக்குப் போய் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார் என்று, மர்வின் வாயிலிருந்து கேட்டு, டோரீன் பிற்பாடு சொன்னாள். என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் பக்கத்து நகரமான டாஃபினுக்கு வண்டி ஓட்டிப்போய் வேறு நாற்று வாங்கி வந்திருக்கிறார்.

ஒரெஸ்டே சொல்வார், தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வெர்னா காத்திருந்தாள். ஏப்ரல் முழுதும் காத்தாள். மே, ஜூன், ஜூலை. தினம் அவனெதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவன் சொல்லவில்லை. அதோடு விட்டானா? மேசையில் போய், லெசியாவின் தக்காளியை நான்தான் காப்பாற்றினேன் என்று தம்பட்டம் அடிக்கத் தொடங்கினான். வெர்னாவின் மனதில் அவர் அவன் ஆனது இந்தக் காத்திருப்பில்தான்.

ஆகஸ்டில் லெசியாவுக்கு வருஷம் திரும்பியது. சர்ச்சில் பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. பீட்ரூட் சூப்பும் முட்டைக்கோஸ் சுருளும் வெர்னா கொண்டுவந்திருந்தாள். ஒரெஸ்ட் ஒரு பெட்டி தக்காளி கொண்டுவந்து, அவள் தடுப்பதற்குள், லெசியாவின் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்.

கால்கரியிலிருந்து வந்திருந்த டெர்ரி அதைப் பார்த்ததும் எழுந்து வந்தான். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெரியப்பா, அம்மாது இதய வடிவமால்ல இருக்கும்? இது உருண்டையா இருக்கே."

"குடில்ல வளந்தா உருண்டையாத்தான் வரும். சூடு ஒரே சீரா இருக்குல்ல? ஆனா ருசி அதேதான். கடிச்சுப் பாரு."

பையன் கடித்தான். நாற்பது வயதுப் பையன். கடித்ததும் கண் கலங்கிவிட்டது.

"அதேதான் பெரியப்பா. அம்மா தக்காளியேதான். பெரியம்மா, எனக்குக் கொஞ்சம் விதை எடுத்துக் குடுங்க. என் வீட்டுல போடுறேன்."

"எவ்வளவு வேணும்? கை நிறையத் தரேன்," என்றார் ஒரெஸ்ட்.

வெர்னா பையனின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டால் அவன் சந்தோஷமாக ஊர் போய்ச் சேருவான். கடையில் வாங்கிய தக்காளிக்கு அம்மா பெயரை வைத்து, தன் பிள்ளைகளுக்கும் கொடுப்பான்.

"அது உங்கம்மாவுது இல்ல, டெர்ரி," என்றாள். "டாஃபின்ல வாங்குன நாத்து. உங்கம்மாவுது ஒம்போது செடி இருந்துது. நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு உங்க பெரியப்பா அதுங்களைக் குடில்ல வச்சுப் பூட்டிட்டுக் காபி குடிக்கப் போயிட்டாரு. வெந்து போச்சு. விதை இனிமே எங்கயும் கெடையாது."

டெர்ரி பெரியப்பாவைப் பார்த்தான். காபி மேசைக்காரர்கள் சூப்பைப் பார்த்தார்கள். நாலு மாதமாக வெர்னா காத்திருந்த அந்த ஒரு வார்த்தைக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

"உனக்குத் தெரியும்னா அப்பவே சொல்லிருக்கலாம்ல?" என்றார் ஒரெஸ்ட். முகம் சிவந்திருந்தது. மேசைக்காரர் ஒருவர் முகமும் அவர் பக்கம் திரும்பவில்லை என்று கண்டதும் குரலை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு வெளியில மைனஸ் எட்டு. உள்ள அம்பத்திரண்டு. முள்ளு காட்டுச்சு. நான் கட்டுன குடில்ல அறுபது டிகிரி ஏறிருக்கு. யார் கட்டுவா அப்படி?"

பிறகு மர்வின் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அறுபதா?" என்றான். "பாலித்தீன் ரெண்டு அடுக்கா போட்டிருந்த?"

"ரெண்டு அடுக்கு. நடுவுல நாலு விரல் காத்து," என்றார் ஒரெஸ்ட், நாற்காலியை மர்வின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு.

டெர்ரி கடித்த தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மேலே தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சாறு மணிக்கட்டில் வழிந்து வெள்ளைச் சட்டைக் கைக்குள் இறங்கியது. வெர்னா தன் தட்டை அவனிடம் நீட்டினாள், அவன் மிச்சத்தை அதில் வைத்தான்.