வெள்ளிக்கிழமை மட்டும் படுத்த சர்வர்

மூன்றாவது வெள்ளியும் ஒன்பதே காலுக்குப் போன் வந்தது.

"என்னம்மா, சிஸ்டம் மறுபடியும் ரோசாக் ஆயிருச்சி, ஓட மாட்டேங்குது. கவுண்டர்ல ஆளுங்க நிக்கிறாங்க. அடுத்த வெள்ளியும் இப்படின்னா உன்ன விட்டுட்டு அந்த ஆயர் குரோ கம்ப்யூட்டர் கம்பெனியக் கூப்பிட்டுருவேன்லா."

பேசியவர் வேலு முதலாளி. காஜா பெராங் பகுதியில் மளிகை மொத்த வியாபாரம். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் அவர் அப்பா தொடங்கிய கடை. அதன் கம்ப்யூட்டரை மாற்றித் தருவதுதான் நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை. கைவிட்டுப் போனால் என் பெயரும் கெட்டுவிடும்.

சரக்கு இருப்பைக் காட்டும் பழைய புரோகிராம் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே நகலெடுத்து, புது சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷினாக, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல, வைத்தேன். நெட்வொர்க் கார்டின் எண் சரியாக இருந்தால்தான் புரோகிராம் திறக்கும். எனவே பழைய கார்டின் எண்ணையே புதியதற்கும் கொடுத்துவிட்டு, நம்மைப் போல் கெட்டிக்காரி உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

வாரம் முழுக்க ஓடும். வெள்ளி காலை மட்டும் கவுண்டர்களுக்கும் சர்வருக்கும் தொடர்பு அறுந்துவிடும். பத்தரைக்கு நான் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். டிரைவரை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். கார்டு எண்ணை வைத்தே எந்த மெஷின் என்று கண்டுபிடிக்கும் நெட்பியூய் என்ற அரதப்பழசான புரோட்டோகாலை வாய்விட்டுத் திட்டினேன்.

"ராகு காலம் வந்தாத்தான் இது நல்லாவுது" என்றார் முதலாளி.

நான்காவது வெள்ளி எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு முதலாளி விபூதி பூசி வந்தார். நான் ஓய்வு கொடுத்து ஸ்டோர் மூலையில் விட்டிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார், ஊதுபத்தி கொளுத்தினார், பட்டனை அழுத்தி மெஷினைத் திறந்தார். அதன் பின்னால் நான் கழற்ற மறந்த கேபிள் அப்படியே இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு மெஷின்; கவுண்டர்கள் நின்றுபோயின.

"இத ஏன் அங்கிள் திறக்கிறீங்க?"

"பத்து வருசம் சோறு போட்டுச்சிம்மா. செத்த டப்பாவையா கும்பிடுறது? ராகு காலத்துக்கு முன்ன அடச்சிருவேன்."

எரிச்சலை மீறிச் சிரிப்பு வந்தது. பூஜைமேல் பழியைப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"கேபிளக் கழட்டாதது என் தப்பு அங்கிள்."

ஆயர் குரோ என்று வாயெடுப்பாரோ என அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேபிளையே பார்த்தார்.

"இத எடுத்துட்டா, நான் கும்பிடுற பலன் கவுண்டர் வரைக்கும் போவுமா?"

"புது சர்வருக்கும் ஒரு பொட்டு வெச்சிருங்க. போவும்."

வைத்தார். பொட்டு சர்வரின் காற்றுத் துளையை அடைக்காமல் நான் பார்த்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: பழைய மெஷினுக்கு ஓய்வு கொடுத்தால் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு, அதை இன்னும் யார், எதற்காகத் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் சர்வரிடம் மூன்று வாரம் கேட்டேன். முதலாளியிடம் ஒரு நிமிஷம் கேட்கவில்லை.